சிக்கலான கர்ப்பத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு: மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: இரத்த அழுத்தம் ஏறியதால் 32ஆம் வாரத்திலேயே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது. குழந்தை வீட்டில் நலமாக இருக்கிறாள். எல்லாம் சரியான பிறகு எனக்கு ஏன் தினமும் அழுகை வருகிறது?

பதில்: ஆபத்து நீங்கிய பிறகு அழுகை வருவதில் முரண் எதுவும் இல்லை. இன்குபேட்டர் அருகே அமர்ந்து, திரையில் ஏறி இறங்கும் ஆக்சிஜன் அளவையே பார்த்திருந்த வாரங்களில் உங்கள் வருத்தத்துக்கு இடமே இருந்திருக்காது. குழந்தை வீட்டுக்கு வந்து, சுற்றியிருந்தவர்கள் நிம்மதியாகத் தத்தம் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அது வெளிப்படுகிறது. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகையும் எரிச்சலும் இரண்டு வாரங்களுக்குள் தாமாக அடங்கிவிடும். மூன்று மாதமாகியும் தொடர்வதை அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாது. ஏறத்தாழ ஏழு தாய்மாரில் ஒருவருக்கு வரும் இந்த மனச்சோர்வுக்கான வாய்ப்பை முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நிலை), குறைப்பிரசவம், அவசர அறுவை ஆகியவை கூட்டுகின்றன. முன்பு எப்போதாவது மனச்சோர்வு வந்திருந்தால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை எல்லாவற்றையும்விட அதற்கே நான் அதிக கவனம் கொடுப்பேன்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்காகக் கர்ப்பத்தில் தொடங்கிய மெத்தில்டோபா மாத்திரையை இன்னும் எடுக்கிறேன். பிரசவத்தில் இரத்தப்போக்கும் அதிகம். சோர்வுக்கு இவை காரணமாகுமா?

பதில்: ஆகலாம். கர்ப்ப காலத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்துதான் அது. ஆனால் மனச்சோர்வை உண்டாக்கக்கூடியது என்பதால், பிரசவமான இரண்டு நாட்களுக்குள் அதை நிறுத்தி, தேவையானால் வேறு மருந்துக்கு மாற்றும்படி பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் கூறுகிறது. நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்றித் தர முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். இரத்தசோகையும் பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு கோளாறும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். இரத்த அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவிடும் மறுபரிசோதனையில் இவை எளிதில் தப்பிவிடுகின்றன.

கேள்வி: என் மனைவியிடம் கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிறாள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பொதுவாக நலம் விசாரித்தால் பொதுவான பதிலே கிடைக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987இல் வெளியான எடின்பரோ வினாப்பட்டியலில் பத்துக் கேள்விகள் உண்டு. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தாரா என்று குறிப்பாகக் கேட்கும். மொத்த மதிப்பெண் 13 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு மட்டும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு விடை வந்தால் அன்றே உதவி நாடுங்கள். உங்கள் மனநிலையையும் கவனியுங்கள். தந்தையருக்கும் இது வருவதுண்டு.

கேள்வி: மருந்து தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. மிதமான பாதிப்புக்குப் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாகவும் இருக்கலாம்.

கேள்வி: பிரசவமாகி ஆறு நாளான என் தங்கை இரண்டு இரவாகத் தூங்கவில்லை, ஆனாலும் களைப்பே இல்லை என்கிறாள், குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்கிறாள்.

பதில்: இது மனச்சோர்வு அன்று; பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வாக இருக்கலாம். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வரும் அவசர நிலை இது. அவர் சொல்வதை மறுத்து வாதிடாதீர்கள், குழந்தையுடன் தனியே விடாதீர்கள், விடியட்டும் என்று காத்திராமல் இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.