பட்ஜெட் இல்லாத குறும்படத்துக்கு சவுண்ட் எஃபெக்ட்ஸ் எங்கே தேடுவது? நாமே பதிவு செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியில் இருந்து நான் புரிந்துகொண்டது இது. கிராமத்து ஓட்டு வீட்டில் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறீர்கள். கேமரா மைக்கில் வந்த ஒலி தேறவில்லை, வசனத்தை டப்பிங்கில் பேசி முடித்தாயிற்று. இப்போது யாராவது பேசும்போது மட்டும் படத்துக்கு உயிர் இருக்கிறது, மற்ற நேரமெல்லாம் ஊமை. கதவு, நடை, மழை, சமையலறை, கடைசியில் ஒரு கைகலப்பு, இவ்வளவுக்கும் சத்தம் வேண்டும். கையில் இருப்பது ஒரு போனும் லேப்டாப்பும்.

நண்பர்களின் குறும்படங்களுக்கு சவுண்ட் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். எந்த ஊருக்கும் பொதுவான சத்தத்தைத் தரவிறக்குங்கள், ஊரைக் காட்டிக்கொடுக்கும் சத்தத்தை நீங்களே பதிவு செய்யுங்கள். இடி, கண்ணாடி உடைவது, வெடி, கார் மோதல் இவற்றை நாம் பதிவு செய்யக் கிளம்பினால் வேலைக்காகாது, ஆபத்தும் கூட. ஆனால் தாழ்ப்பாள், இரும்பு கேட், ரப்பர் செருப்பு, குக்கர் விசில், டீக்கடை, தெருநாய், டவுன் பஸ் ஹாரன் போன்றவற்றை வெளியே தேடினால் எங்கோ இருக்கும் வீடும் தெருவும்தான் கிடைக்கும். இணையத்தில் உள்ள தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பதிவானது. 'நைட் ஃபாரஸ்ட்' என்று போட்டு எடுத்த கோப்பில் லூன் என்கிற வட அமெரிக்க ஏரிப் பறவை கத்திக்கொண்டிருக்கும். திரையில் கழுகு பறந்தால் வழக்கமாகப் போடும் அந்தக் கம்பீரமான கீச்சொலியும் அமெரிக்கச் செவ்வால் பருந்தினுடையது. நம் ஊர் வானத்தில் சுற்றும் கரும்பருந்து நடுங்கும் குரலில் மெல்லிசாகக் கத்தும். பார்க்கிறவர்களுக்குப் பறவையின் பெயர் தெரிய வேண்டியதில்லை, 'ஏதோ ஒட்டவில்லையே' என்று மட்டும் தோன்றும்.

முதலில் தரவிறக்கும் பக்கத்தை முடித்துவிடுகிறேன். ஃப்ரீசவுண்ட் தளத்தில் இருந்து தொடங்குங்கள். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் உள்ள இசைத் தொழில்நுட்ப ஆய்வுக் குழு 2005-இல் தொடங்கியது அது. கணக்கு தொடங்கினால் இலவசமாகத் தரவிறக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் தனித்தனி என்பதை மட்டும் மறக்காதீர்கள். 'சிசி ஜீரோ' என்றால் எதற்கும் பயன்படுத்தலாம், பெயர் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. 'அட்ரிப்யூஷன்' என்றால் பதிவு செய்தவர் பெயரை டைட்டிலில் போட வேண்டும். 'நான்கமர்ஷியல்' என்றால் யூடியூபில் விளம்பரம் ஓட விடும் எண்ணம் இருக்கிறவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. தேடும்போதே உரிமத்தை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது. இடக்குறிப்போடு ஏற்றப்பட்ட ஒலிகளை வரைபடத்தில் பார்க்கவும் முடியும். இந்தியாவின் மேல் நகர்த்திப் பாருங்கள், நாமே போய்ப் பதிவு செய்ய முடியாத ஊரின் சந்தையோ ரயில் நிலையமோ சில சமயம் சிக்கும்.

பிபிசி தன் பழைய சேகரிப்பில் இருந்து 16,000 ஒலிகளை 2018-இல் இணையத்தில் திறந்துவிட்டது, பிறகு இன்னும் நிறையச் சேர்த்தார்கள். தரம் அருமை. ஆனால் இலவசம் என்பது தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்குத்தான். வணிகப் பயன்பாட்டுக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும். இது தெரியாமல் இலவசம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் எடுத்துப் போடுகிறார்கள். சோனிஸ் என்ற நிறுவனம் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டை ஒட்டி இலவசமாகத் தரும் பெரிய தொகுப்புகளில் அந்தத் தொல்லை இல்லை, ராயல்டி கிடையாது. கோப்பின் அளவு ஜிபி கணக்கில் இருக்கும், வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்குங்கள். யூடியூப் ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரியிலும் எஃபெக்ட்ஸ் பகுதி உண்டு, அவசரத்துக்கு உதவும்.

தேடும்போது உணர்ச்சியைத் தேடாதீர்கள். 'ஹாரர் டோர்' என்று போட்டால் ஏற்கெனவே எக்கோ எல்லாம் பூசி முடித்த சத்தம் வரும், அதில் எதையும் கழற்ற முடியாது. பொருளையும் செயலையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள்: 'வுட் டோர் க்ரீக்', 'மெட்டல் லாட்ச்', 'க்ளாத் மூவ்மென்ட்'. எக்கோ இல்லாத உலர்ந்த சத்தமாகப் பார்த்து எடுத்தால் உங்கள் அறைக்குத் தகுந்த எதிரொலியை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் வரும் பிரபலமான கோப்பை எல்லாரும்தான் எடுத்திருப்பார்கள், கொஞ்சம் உள்ளே போங்கள். 1951-இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் பதிவான ஓர் அலறல் 'வில்ஹெல்ம் ஸ்க்ரீம்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான படங்களில் வந்துவிட்டது. இன்று எந்தப் படத்தில் போட்டாலும் விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். உங்கள் கதாநாயகன் சாகும் இடத்தில் அது நடக்கக் கூடாது.

சரி, பதிவுக்கு வருவோம்.

போன் போதுமா என்றால், பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஆனால் அதிலுள்ள ரெக்கார்டர் மனிதப் பேச்சுக்காக அமைத்தது. சத்தம் குறைந்தால் தானாக ஏற்றும், கூடினால் தானாக இறக்கும். ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் நடுவில் 'புஸ்'ஸென்று இரைச்சல் எழும்பி அடங்குவது இதனால்தான். ஆண்ட்ராய்டில் இந்தத் தானியங்கி ஏற்ற இறக்கத்தை (ஆட்டோ கெயின்) அணைக்க விடுகிற, சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிக்கிற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் 'லாஸ்லெஸ்' என்று மாற்றுங்கள். ஏரோப்ளேன் மோட் கட்டாயம். நண்பர் யாரிடமாவது கையடக்க ரெக்கார்டர் இருந்தால் இரவல் வாங்குங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, உச்சச் சத்தம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வருமாறு பார்த்துக்கொண்டால் போதும். 32 பிட் ஃப்ளோட் உள்ள புதிய கருவிகளில் இந்த அளவுக் கவலை பெரும்பாலும் இல்லை.

கருவியை விட இடமும் தூரமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் விழும். பின்னணி இரைச்சல் விழாது, அப்படியே நிற்கும். அதனால் மைக்கை வெட்கப்படாமல் பொருளுக்குக் கிட்டே கொண்டுபோங்கள். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் மூன்றையும் அணையுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் காதுக்குப் பழகிப் போயிருக்கும், ஹெட்போனில்தான் தெரியும். வீட்டில் எதிரொலி அடங்கவில்லை என்றால் ஜமக்காளத்தையும் மெத்தையையும் சுவரோரம் சாயுங்கள். நிறுத்தி வைத்த காரின் உட்புறம் இன்னும் நல்லது. இருக்கைத் துணியும் தரைவிரிப்பும் எதிரொலியை விழுங்கிவிடும், கண்ணாடியை ஏற்றினால் தெருவும் குறையும். நேரம் என்று கேட்டால் பின்னிரவு 2 மணிக்கு மேல். அதற்கு முன் பைக் ஓயாது, 4 மணிக்கு மேல் ஏதாவது ஒரு குழாய் ஒலிபெருக்கி தொடங்கிவிடும்.

உங்கள் ஓட்டு வீட்டுக் கதவை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சத்தம் இல்லை. தாழ்ப்பாளின் கொண்டி தூக்கும் 'க்ளிக்', கம்பி உரசி நகர்வது, கீல் முனகுவது, பலகை நிலையில் மோதும் 'தொம்', மோதிய பிறகு சங்கிலி ஆடி அடங்குவது என்று ஐந்து இருக்கின்றன. ஒரே டேக்கில் முழுக் கதவையும் எடுங்கள், அப்புறம் மைக்கை ஒவ்வொரு இடத்துக்கும் நகர்த்தித் தனித்தனியாகவும் எடுங்கள். கீலுக்கு அரை அடி தூரத்தில் வைத்து, கதவை மிக மெதுவாக, நின்று நின்று தள்ளினால் முனகல் நீளும். வேகமாகத் தள்ளினால் கீல் பேசவே பேசாது. மழைக்காலத்தில் ஊதிய மரக் கதவு கோடையை விட நன்றாக முனகும். பிறகு எடிட்டில் கோபமாகச் சாத்துகிறவனுக்குத் 'தொம்'மை ஏற்றலாம், திருட்டுத்தனமாக நுழைகிறவனுக்குக் கொண்டியையும் கீலையும் மட்டும் விடலாம்.

மழை வேறு கதை. காற்றில் விழும் மழைக்குச் சத்தமே கிடையாது, எதன் மேல் விழுகிறதோ அதன் சத்தம்தான். வெட்டவெளியில் பதிவு செய்தால் டிவியில் சிக்னல் போன இரைச்சல் மாதிரி இருக்கும். ஓடு, தகரம், வாழையிலை, வாளி, குடை எல்லாம் வேறு வேறு மழை. உங்கள் வீட்டுத் திண்ணையில் போனை வைத்து ஓட்டு நுனியில் இருந்து சொட்டுவதை எடுங்கள். சொட்டு தெறித்து மைக்கில் அடிக்கும், அதனால் விழும் இடத்தில் ஒரு பழைய துண்டை மடித்துப் போடுங்கள். தனியாக ஒரு வாளியில் விழும் சொட்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் அடுக்கினால் அந்த வீட்டு மழை வந்துவிடும். மழையே வராத மாதமா? எண்ணெயில் வடை பொரிவதைச் சற்றுத் தள்ளி நின்று பதிவு செய்து மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். முன்னால் உண்மையான சொட்டு நாலு இருந்தால் பின்னால் வடை என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எண்ணெய்க்குக் கிட்டே மட்டும் போனைக் கொண்டுபோகாதீர்கள்.

கைகலப்பில் உண்மையான அடியைப் பதிவு செய்து புண்ணியமில்லை, நிஜ அடி சப்பென்று இருக்கும். சுருட்டிய மெத்தையில் குத்துவது உடம்பு. வேட்டியை வேகமாக உதறுவது கை வீச்சு. எலும்புக்கு மேல்நாட்டில் செலரித் தண்டை முறிக்கிறார்கள், நம் சந்தையில் முருங்கைக்காய் இருக்கிறது. விரல் நெட்டி என்றால் வெண்டைக்காய் முனை, கடைக்காரர் திட்டத் திட்ட நாம் உடைத்துப் பார்ப்போமே அதே சத்தம். உடம்பு, வீச்சு, எலும்பு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உடம்புச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கீழ்ச் சுருதிக்கு இறக்குங்கள்.

இப்படிப் படத்தைப் பார்த்துக்கொண்டே செய்கை செய்து சத்தம் எடுப்பதற்குத்தான் ஃபோலி என்று பெயர். பேசும் படம் வந்த புதிதில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இந்த வேலையைச் செய்த ஜாக் ஃபோலியின் பெயர் அது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஒலி வேலைக்கான ஃபேர்லைட் பக்கம் இருக்கிறது, படம் ஓட ஓட அதில் நேரடியாகப் பதிவு செய்யலாம். நடையை எப்போதும் இப்படித்தான் எடுக்க வேண்டும். தரவிறக்கிய காலடியை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுவதற்குள் விடிந்துவிடும். திரையில் என்ன செருப்போ அதையே கையில் மாட்டிக்கொண்டு சிமென்ட் தரையிலோ, ஒரு தட்டில் பரப்பிய மண்ணிலோ அழுத்துங்கள். காலால் நடந்தால் உடம்பின் மற்ற சத்தமெல்லாம் சேர்ந்து வரும். கொலுசைத் தனி ட்ராக்கில் எடுங்கள். ஒத்திசைவில் ஒரு நுணுக்கம்: ஒலி படத்துக்கு முன்னால் வந்தால் நாம் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவோம், பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்வோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஒலி முந்தினால் 45 மில்லி விநாடியிலேயே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 42 மில்லி விநாடி. சந்தேகம் வந்தால் ஒரு ஃப்ரேம் பின்னுக்குத் தள்ளுங்கள்.

பெரும்பாலான குறும்படங்கள் கோட்டை விடுவது ஆம்பியன்ஸில்தான், அதாவது அந்த இடத்தின் பின்னணிச் சூழல் ஒலியில். காட்சி நடக்கும் அறையில், ஆட்கள் அசையாமல், ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். டப்பிங் குரலுக்கு அடியில் அது ஓடினால்தான் குரல் அந்த வீட்டுக்குள் உட்காரும். வெளிச் சூழலுக்கு அதே ஊரில், அதே நேரத்தில் பதிவு செய்யுங்கள். குயில் கோடையை ஒட்டித்தான் ஓயாமல் கூவும், மார்கழிக் காட்சியில் அது கூவினால் ஊர்க்காரர்கள் விட மாட்டார்கள். டீக்கடை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் சினிமாப் பாட்டு பின்னால் ஓடாத நேரமாகப் பாருங்கள். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் காப்புரிமை உள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துவிடக்கூடும், பாட்டை மட்டும் சுத்தமாக நீக்கவும் வராது. வெளியே காற்றுக்கு மைக்கின் பஞ்சு மூடி போதாது. பொம்மை செய்ய விற்கும் நீள மயிர்த் துணியில் ஒரு உறை தைத்துப் போடுங்கள்.

ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் வாயால் சொல்லிவிடுங்கள்: 'சமையலறைக் கதவு, கீல், கிட்டே.' இரண்டு விநாடி விட்டுச் செய்கையைத் தொடங்குங்கள், முடிந்த பிறகும் அசையாமல் நில்லுங்கள், சத்தத்தின் வால் அடங்கட்டும். கோப்பின் பெயரிலும் பொருள், செயல், தூரம், இடம் நான்கும் இருக்கட்டும். தரவிறக்கியவற்றுக்குப் பெயரோடு உரிமத்தையும் தள முகவரியையும் ஒரு எக்செல் தாளில் போட்டு வையுங்கள். ஏதாவது விழாவுக்கு அனுப்பும்போது உரிம விவரம் கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது.

மிக்ஸிங்கில் வசனம், ஆம்பியன்ஸ், ஃபோலி, எஃபெக்ட்ஸ், இசை எல்லாவற்றையும் தனித்தனி ட்ராக்கில் வைத்துக்கொண்டு, இசையை முழுக்க அணைத்துவிட்டு ஒரு தடவை படத்தைப் பாருங்கள். எங்கே காலியாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஹெட்போனில் திருப்தி ஆனதும் போன் ஸ்பீக்கரிலும் ஓட்டுங்கள், உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் அதில்தான் பார்ப்பார்கள். போனில் கனத்த பேஸ் ஒலி வராது. மெத்தைக் குத்து காணாமல் போயிருக்கும், முருங்கைக்காய் மட்டும் கேட்கும். அதுவும் கேட்கவில்லை என்றால் அதை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.