வெயில் மேல் பழி

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பெண்டுலம் கடிகாரம் சித்திரை பிறந்ததிலிருந்து தினம் நாலு நிமிஷம் பின்தங்குகிறது. ‘வெயிலில் பெண்டுலம் நீண்டுவிட்டது, புதுசு மாட்டணும்’ என்கிறார் ரிப்பேர்க்காரர். மாற்றலாமா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: வெயில் மேல் இன்னும் எத்தனை பழியைத்தான் போடுவது! சூட்டில் பெண்டுலம் நீளும், நீண்டால் கடிகாரம் மெதுவாகும். அதுவரை அவர் சொன்னது சரி. எவ்வளவு என்பதில்தான் கோட்டை விடுகிறார். எஃகுக் கம்பியென்றால் ஒரு டிகிரி சூட்டுக்கு நாளொன்றுக்கு அரை விநாடி. பித்தளையென்றால் முக்கால் விநாடிக்குச் சற்று மேல். மார்கழிக்கும் சித்திரைக்கும் வீட்டுக்குள் 10 டிகிரி வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம்; 5 முதல் 8 விநாடி போகும். உங்களுக்குப் போவது 240. மரக்கம்பியாக இருந்தால் அந்த ஐந்துகூடக் கிடையாது.

அந்த ஐந்து விநாடிக்காகத் தூக்கம் கெட்டவர்கள் வானியல்காரர்கள். 1721-இல் லண்டனில் ஜார்ஜ் கிரஹாம் என்ற கடிகாரக்காரர் பெண்டுலத்தின் அடியில் உள்ள குண்டுக்குப் பதில் பாதரசக் குடுவையைத் தொங்கவிட்டார். கம்பி கீழே நீளும்போது பாதரசம் குடுவைக்குள் மேலே ஏறி ஈடுகட்டிவிடும். அந்தக் காலத்தில் நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. அந்தப் பதினாலு விநாடியை விடாமல் பிடித்தவர்களுக்கு இது பெரிய விஷயம். உங்கள் கூடத்துச் சுவருக்கு எதற்கு?

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் கடிகாரத்தைக் காதால் பாருங்கள். ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடைவெளி ஒரே அளவாக இல்லையென்றால் பெட்டி கோணலாகத் தொங்குகிறது; அடிப்பக்கத்தை இம்மி இம்மியாக நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிறகு குண்டுக்குக் கீழே உள்ள மரையை வலப்பக்கம் திருகினால் குண்டு மேலே ஏறும். 25 செ.மீ. பெண்டுலத்தில் 1 மி.மீ. ஏற்றினால் நாளுக்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம் வேகம் கூடும். ஆக உங்களுக்கு ஒன்றரை மி.மீ.கூட வேண்டாம். திருகும்போது குண்டை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே பெண்டுலம் தொங்கும் மெல்லிய தகடு முறுக்கிக்கொண்டால் அப்புறம் ஆட்டமே கோணிப்போகும். 24 மணி நேரம் விட்டு செல்போனோடு ஒப்பிட்டு, மறுபடி கொஞ்சம் திருகுங்கள். சாவியை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் கொடுங்கள்.

இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு என்று தாறுமாறாகப் பின்தங்கினால் மரை உதவாது. யாரோ உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது பிசினாகிப் புழுதியைப் பிடித்து, சக்கரங்களின் அச்சுமுனைகளையும் அவை சுழலும் துளைகளையும் தேய்த்துவிடும். கடற்காற்று இருக்கவே இருக்கிறது, எஃகில் துருவேற்ற. முழுசாகப் பிரித்துக் கழுவி, கடிகார எண்ணெயை அச்சுமுனைகளில் மட்டும் துளி வைக்க வேண்டும், சக்கரப் பற்களில் கூடாது. அந்த வேலைக்கு ரிப்பேர்க்காரர் காசு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.