ஐந்து போட்டிகள் வேண்டாம், ஒரு ஜூன் மாதம் போதும்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் பள்ளி ஆசிரியை. அலைச்சறுக்குப் பழகும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றித் திரைக்கதை எழுதியிருக்கிறேன். அவளுடைய தாத்தா கரைவலை இழுப்பவர். முதல் முப்பது பக்கமும் கடைசிப் போட்டியும் நன்றாக இருக்கின்றன, நடுவில் தூக்கம் வருகிறது என்று படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 'கதை மருத்துவர்' என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் 18,000 ரேண்ட் கொடுத்தால் கட்டமைப்பைச் சரிசெய்து, காப்புரிமைப் பதிவுச் சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? முடிவில் அவள் ஜெயிக்கவேண்டுமா, தோற்கவேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள். கட்டமைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசி முடிப்பதற்குள் நீங்கள் பணத்தை அனுப்பிவிடக் கூடாது.

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் படித்தேன். 31ஆம் பக்கத்திலிருந்து 84ஆம் பக்கம் வரை உங்கள் பெண் ஐந்து போட்டிகளில் கலந்துகொள்கிறாள். ஒன்றில் தோற்கிறாள், ஒன்றில் ஜெயிக்கிறாள், ஒன்றில் தோளில் அடிபடுகிறது, ஒன்றில் மழை பெய்கிறது, ஒன்றில் பயிற்சியாளர் கோபித்துக்கொண்டு போகிறார். தூக்கம் வராமல் என்ன செய்யும்?

குத்துச்சண்டைப் படத்தில் ஐந்து சண்டை வைக்கலாம். அடி விழுவது கண்ணுக்குத் தெரியும். யார் சாய்ந்தார், யார் எழுந்தார் என்று குழந்தைக்கும் புரியும். அலைச்சறுக்கில் ஒருவரையொருவர் தொடுவதே இல்லை. ஆளுக்கொரு அலை. அவள் ஏறி இறங்கி முடித்த பிறகும் அது நல்ல சவாரியா, சுமாரா என்று டிக்கெட் வாங்கிய மனிதருக்குத் தெரியாது. ஐந்து நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போட்டு, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் கழித்து, மீதி மூன்றின் சராசரியை ஒலிபெருக்கியில் சொன்ன பிறகுதான் அவர் கைதட்டலாமா என்று யோசிக்கிறார். ஐந்து போட்டி என்றால் ஐந்து தடவை ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கிறோம், வங்கியில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல.

நான்கைத் தூக்கி எறியுங்கள். அந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்பீர்கள். தாத்தாவை வையுங்கள். கரைவலைக்காரர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டு, இரண்டே காட்சிகளில் பேத்திக்குத் திருநீறு பூசிவிட மட்டும் அவரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும், ஜூன், ஜூலை மாதங்களில், குளிர்ந்த நீரோடு சார்டின் மீன்கூட்டம் தெற்கிலிருந்து நம் கரையோரம் ஏறி வருகிறது. பின்னாலேயே டால்பின், கடற்பறவைகள், சுறா. டர்பன் கடற்கரைக்கு 1952இலிருந்து சுறாத் தடுப்பு வலை உண்டு. சார்டின் நெருங்குகிறது என்று தெரிந்தால், துரத்தி வரும் பிராணிகள் சிக்கிச் சாகாமல் இருக்கச் சுறா வாரியம் அந்த வலைகளை எடுத்துவிடுகிறது. வலை எடுத்த கடற்கரைகளில் யாரும் நீரில் இறங்கக் கூடாது என்று தடை வரும்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். தாத்தா வருடம் முழுக்கக் காத்திருக்கும் வாரம் அது. வலை போட்டால் பெட்டி பெட்டியாக மீன். முதல் பெட்டிகளுக்கு ஜனங்கள் கேட்ட விலை கொடுப்பார்கள். வீட்டுக் கடன் அடையும். பேத்திக்கோ அதே வாரம் கடல் பூட்டிக் கிடக்கிறது. டர்பனுக்கு வடக்கே பல்லிட்டோவில் பெரிய அலைச்சறுக்குப் போட்டி நடப்பதும் அந்தக் குளிர்காலத்தில்தான். வீட்டுக்குச் சோறு போடும் மீன் அவளிடமிருந்து அலையைப் பறிக்கிறது. இதில் வில்லன் யார்? யாரும் இல்லை. தாத்தா வாழவேண்டும் என்று நினைத்தால் அவள் பயிற்சியை இழக்கவேண்டும். உங்கள் படத்தின் நடு இதுதான். 52ஆம் பக்கத்திலோ 57ஆம் பக்கத்திலோ எங்கு விழுந்தாலும் பரவாயில்லை.

பக்க எண் என்றதும் அந்த 'மருத்துவர்' நினைவுக்கு வருகிறார். அவர் உங்களுக்கு அனுப்பிய அட்டவணையையும் பார்த்தேன். 12ஆம் பக்கத்தில் தூண்டுதல், 25இல் முதல் திருப்பம், 55இல் நடுப்புள்ளி, 75இல் எல்லாம் இழந்த நிலை. இதே அட்டவணையை ஒரு துப்பறியும் கதைக்கும், ஒரு பக்திக் கதைக்கும் அனுப்பியிருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். அமெரிக்காவில் எழுத்துப் பட்டறைகளில் விற்கும் சரக்கு; இங்கே தமிழில் பெயர் மாற்றி இரண்டாம் கை விலைக்கு வருகிறது. நூற்றுப் பத்துப் பக்கக் கதைக்குப் போட்ட கணக்கைத் தொண்ணூறு பக்கக் கதைக்குப் போட்டால் சட்டை பொருந்துமா? காதல் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார், அடிபடுவதை இடைவேளைக்கு நகர்த்தச் சொல்கிறார். இடைவேளை சமூசா விற்பதற்காக இருக்கிறது, அம்மா. அதை நம்பிக் கதையை உடைக்காதீர்கள்.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிதி கேட்டுப் போனால் நம் அமைப்புகளும் இதே அட்டவணையைத்தான் கேட்கின்றன. ஒரு வரியில் கதை, ஒரு பக்கத்தில் கதை, ஐந்து பக்கத்தில் கதை, 'திருப்பங்கள் எந்தப் பக்கத்தில்' என்று ஒரு படிவம். நான் ஒருமுறை ஒரு வாசிப்புக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். கரைவலையைப் பற்றிய ஒரு கதை வந்தது. 'போதுமான மோதல் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். வலை இழுக்கும் கயிறு எப்படிக் கையை அறுக்கும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவுக்கு நான் மறுபடியும் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

கயிறு என்றேன் அல்லவா, அதை விடாதீர்கள். கடல் பூட்டியிருக்கும் வாரத்தில் அவளும் போய் வலை இழுக்கட்டும். உள்ளங்கை கொப்பளிக்கட்டும். பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்புப் போல நீரைத் தள்ளவேண்டிய கை அது. நீங்கள் எழுதிய தோள் காயம் எங்கிருந்தோ வந்து விழுகிறது. இந்தக் காயம் வீட்டிலிருந்து வருகிறது. அந்த மீன் காசில் தாத்தாவே அவளுக்குப் புதுப் பலகை வாங்கித் தந்தால் எப்படி இருக்கும்? நன்றி சொல்வதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியக் கூடாது.

தாத்தா மூன்று பக்கத்துக்கு நிறவெறி ஆட்சிக் கடற்கரைகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறார். வெட்டுங்கள். 1953ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரையைக் கூட இனவாரியாகப் பங்குபோட்டது, 1989 நவம்பரில்தான் கடற்கரைகளை எல்லோருக்கும் திறக்கும் அறிவிப்பு வந்தது, சட்டம் 1990இல் நீக்கப்பட்டது: இதெல்லாம் உண்மை, நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. படத்தில் அவர் பேத்தியின் பயிற்சியைப் பார்க்க நார்த் பீச்சுக்கு வரட்டும். இரண்டு மணி நேரமும் நிற்கட்டும். எல்லோரும் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் மணலில் அவர் மட்டும் உட்காரவே மாட்டார். 'ஏன் தாத்தா?' என்று அவள் கேட்கக் கூடாது. கடைசியில் ஒருமுறை உட்காரட்டும்; எங்கே என்பதை உங்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பெண்களுக்குச் சம பரிசு பற்றி உங்கள் கதையில் வரும் பேச்சும் அப்படித்தான். 2018இல் பல்லிட்டோவில் நடந்த இளையோர் போட்டியின் பரிசளிப்புப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது: வென்ற பையன் கையில் 8,000 ரேண்ட் என்று எழுதிய பெரிய காசோலை அட்டை, பக்கத்தில் வென்ற பெண் கையில் 4,000. அதே ஆண்டு செப்டம்பரில், 2019 முதல் தன் போட்டிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை என்று உலக அலைச்சறுக்கு லீக் அறிவித்தது. உங்கள் கதை எந்த ஆண்டு என்று முடிவு செய்யுங்கள். 2018 என்றால் இரண்டு அட்டைகளைக் காட்டுங்கள், வசனமே வேண்டாம். 2023 என்றால் அந்தச் சொற்பொழிவு தவறான இடத்தில் நிற்கிறது.

நடுவில் ஒரு போட்டியை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேனே, அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதில் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். இருவர் மோதும் சுற்றில் 'முன்னுரிமை' என்று ஒரு விதி. முன்னுரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் விரும்பிய அலையை எடுக்கலாம். மற்றவர் குறுக்கே வந்தால் அவருடைய மதிப்பெண் அடிபடும். முன்னுரிமை உள்ளவர் ஓர் அலையில் ஏறிவிட்டால் அது மற்றவரிடம் போய்விடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாத பாதி இது: அலையைப் பிடிக்க முயன்று தவறவிட்டாலும் முன்னுரிமை போய்விடும். அதாவது தயங்கித் தயங்கி அரை மனதோடு முயன்றாலும் தண்டனை உண்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் தயக்கத்துக்கு விதிப்புத்தகத்தில் இடமே கிடையாது. இங்கே இருக்கிறது!

அதனால் உங்கள் பெண் முன்னுரிமையோடு கடலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். மூன்று நிமிடம் இருக்கிறது. சுற்றில் இரண்டு நல்ல அலைகள்தான் கணக்கு; ஒன்று கையில் இருக்கிறது, இன்னொன்று வேண்டும். ஓர் அலை வருகிறது, சுமாரானது. எடுப்பதா, அடுத்ததற்குக் காத்திருப்பதா? பாதி தூரம் தள்ளிவிட்டு நிறுத்துகிறாள். போயிற்று. முந்தைய வாரம் தாத்தாவிடம் 'வலைக்கு வரமாட்டேன்' என்று சொல்லவும் முடியாமல், 'வருகிறேன்' என்று மனதாரச் சொல்லவும் முடியாமல் நின்ற அதே பெண். அந்தத் தோல்வியைப் பார்ப்பவருக்கு நடுவரின் எண் தேவையே இல்லை. இப்படி ஒரு போட்டி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதையும் வெட்டுங்கள்.

முடிவில் ஜெயிப்பதா, தோற்பதா? இதற்கு ஏன் இவ்வளவு கவலை? அலைச்சறுக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது டோக்கியோவில். 2021இல் அங்கே இறுதிச் சுற்றில் நம் நாட்டின் பியாங்கா பெய்டன்டாக் தோற்றார், வெள்ளியோடு வந்தார், நாடே கொண்டாடியது. மணி அடிப்பதற்கு முன் உங்கள் பெண் இந்த முறை தயங்காமல் ஓர் அலையை எடுத்துவிட்டால், எண் என்னவாக இருந்தாலும் மக்கள் எழுந்து போகமாட்டார்கள்.

சான்றிதழ் விஷயம். இது எனக்கு மிகவும் கசப்பான விஷயம், ஏனென்றால் மாதத்துக்கு ஒருவராவது இதில் பணத்தை விட்டுவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் திரைக்கதையைப் பதிவு செய்யும் பதிவேடே கிடையாது. 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த அந்த நொடியிலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்ய வழி இருப்பது எடுத்து முடித்த திரைப்படத்துக்கு மட்டும். அதற்குத் தனிச் சட்டம், 1977இல் வந்தது. அப்படியென்றால் அவர் விற்கும் சான்றிதழ் எது? அவர் வீட்டு அச்சு இயந்திரத்தில் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உரிமை கைமாறவேண்டுமானால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்கவேண்டும். வாய்ப்பேச்சில் போகாது. அதனால்தான் இந்த ஆட்கள் 'வேலை ஒப்பந்தம்' என்று இரண்டு பக்கக் காகிதத்தை நீட்டுகிறார்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், 'இணை எழுத்தாளர்' என்றோ 'எல்லா உரிமைகளும்' என்றோ ஒரு வரி இருக்கும். 18,000 ரேண்ட் நீங்கள் கொடுப்பீர்கள், கதை அவருக்குப் போகும்.

அரசின் படத் தயாரிப்பு ஊக்கத்தொகையை வாங்கித் தருவதாகவும் சொன்னாரா? அதை நம்பவே நம்பாதீர்கள். அது தயாரிப்பாளர் செலவழித்த பிறகு, செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டம். எழுத்தாளருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செலவழித்தவர்களுக்கே பணம் வரவில்லை என்று 2025 ஜனவரியில் திரைத்துறையினர் வீதியில் இறங்கினார்கள். எழுத்துக்கு உதவி வேண்டுமானால் தேசிய திரைப்பட, காணொளி அறக்கட்டளையின் விதிமுறைகளை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். சலிப்பூட்டும், ஆனாலும் படியுங்கள். நீங்கள் ஆசிரியை, இதைவிட மோசமான சுற்றறிக்கைகளைப் படித்திருப்பீர்கள்.

அவருக்கு முழுப் பிரதியையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள், பழைய கையெழுத்துப் பிரதிகளையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகு ஜூன் மாதத்தை எழுதுங்கள். முதல் முப்பது பக்கத்தையும் கடைசிப் போட்டியையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.