கிராமத்து வீட்டில் ரேடான்: கிரானைட்டைப் பெயர்ப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு கிராமத்தில், பாறைச் சரிவை ஒட்டி இருக்கிறது. கருங்கல் சுவர், பழைய சிமென்ட் தரை, அங்கங்கே விரிசல். ஹாலில் மட்டும் கிரானைட் பதித்திருக்கிறோம். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. இப்படிப்பட்ட வீடுகளில் ரேடான் வாயு சேர்ந்து புற்றுநோய் வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து நிம்மதி இல்லை. கிரானைட்டைப் பெயர்த்துவிடலாமா? அம்மாவுக்கு இரண்டு மாதமாக இருமல் வேறு.

பதில்: அம்மாவின் இருமலை இந்தக் கவலையோடு சேர்க்காதீர்கள். ரேடானைச் சுவாசிப்பதால் நேரடியாக இருமலோ மூச்சுத்திணறலோ வராது. ஆனால் இரண்டு மாதம் நீடிக்கும் இருமலை, வீட்டில் எந்த வாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ரேடான் அளவீடு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

கிரானைட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மெருகேற்றிய கல் பலகையிலிருந்து வெளிவரும் ரேடான் பொதுவாகச் சொற்பம். நீங்கள் பார்க்க வேண்டியது நீங்களே போகிற போக்கில் எழுதிய அந்த விரிசல்களை.

பாறையிலும் மண்ணிலும் எங்கும் கொஞ்சம் யுரேனியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அது சிதைந்து ரேடியம் ஆகி, ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. இந்த வரிசையில் ரேடான் மட்டும்தான் வாயு. மற்றவை மண்ணோடு கிடக்க, இது மண் இடுக்குகள் வழியே மேலே வருகிறது. திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். வீட்டுக்குள் வந்தால்தான் தேங்கும். அதை உள்ளே இழுப்பதும் வீடுதான். உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து கூரை இடுக்கு வழியே வெளியேறும்போது, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து மண் காற்று உறிஞ்சப்படுகிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் இதே வேலையைச் செய்யும். ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு அந்த ஃபேனைப் போட்டு, புகையும் திரி ஒன்றைத் தரை விரிசல் அருகே பிடித்துப் பாருங்கள். புகை விரிசலுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளப்பட்டால் அந்த வழியாகக் காற்று உள்ளே வருகிறது என்று பொருள். சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய்கள் தரையைத் துளைத்து வரும் இடம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

ரேடான் கனமான வாயு என்பதால் தரையோடு படிந்து கிடக்கும், கட்டிலில் படுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அறைக் காற்றோடு நன்றாகக் கலந்துவிடும். மணமோ நிறமோ இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் என்றால் நொடிக்கு 100 ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்று அர்த்தம். அதற்குச் சுமார் 5 கோடி ரேடான் அணுக்கள் இருந்தால் போதும். காற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. மூக்கு என்ன செய்யும்?

இனி ஆபத்துக்கு வருவோம். ரேடானை விட, அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் அணுக்கள்தான் உண்மையான தொல்லை. அவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா துகள்கள் என்ற, செல்களைச் சேதப்படுத்தும் கதிர்வீச்சை உமிழ்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே ரேடானைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. 13 ஐரோப்பிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கப் புகைக்காதவர்களில், ரேடானே இல்லாவிட்டால் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் 1000 பேருக்கு 4 பேர். 100 பெக்கரல் உள்ள வீட்டில் இது 5. 400 பெக்கரல் என்றால் 7. தொடர்ந்து புகைப்பவர்களுக்கோ இதே வரிசை 100, 120, 160. உங்கள் வீட்டில் யாராவது புகைத்தால், தரையைக் கொத்துவதற்கு முன் நிறுத்த வேண்டியது அதைத்தான். இதைச் சொன்னால் பலருக்கும் பிடிப்பதில்லை. புகையை விடுவதைவிட, தரைக்கு அடியிலிருந்து வாயுவை வெளியேற்றக் குழாய் போடுவது எளிது என்று நினைக்கிறார்கள்.

சரி, உங்கள் வீட்டில் எவ்வளவு இருக்கிறது? பாறையைப் பார்த்தும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டு அளவை வைத்தும் சொல்ல முடியாது. 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. தேடிப் பார்த்தால், கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து உடலோடும் உடையோடும் வந்திருந்தது. அங்கே கன மீட்டருக்குச் சுமார் 1,00,000 பெக்கரல். அக்கம்பக்கத்தில் சாதாரண அளவுள்ள வீடுகளும் இருந்தன.

எனவே அளக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது பிளாஸ்டிக் தட அளவி. சிறு டப்பிக்குள் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். மின்சாரம் வேண்டாம். ஆல்ஃபா துகள் படும் ஒவ்வொரு இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். ஆய்வகத்தில் அதைக் காரக் கரைசலில் ஊறவைத்ததும் தழும்புகள் குழிகளாக விரியும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். குறைந்தது 3 மாதம் வைத்திருங்கள். ரேடான் அளவு பகலுக்கும் இரவுக்கும், மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கும் என்பதால், டிஜிட்டல் மீட்டரில் ஒருநாள் தெரியும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தரைத்தளத்தில் நீங்கள் தூங்கும் அறையில், மூச்சுவிடும் உயரத்தில், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி, சுவரில் ஒட்டாமல் வையுங்கள். சமையலறையும் குளியலறையும் வேண்டாம்.

(மண்சுவர் வீட்டில் இருப்பவர்களுக்கு: சுவரிலிருந்து தோரான் என்ற இன்னொரு வகை ரேடானும் வரும். அதன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் சுவரை விட்டு அதிக தூரம் போகாது. சுவருக்குப் பூச்சு பூசி, கட்டிலைச் சற்றுத் தள்ளிப் போட்டால் நல்லது.)

உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன வரம்பு 100 பெக்கரல். அது இயலாத இடங்களில் அதிகபட்சம் 300. உங்கள் அளவு 100க்குள் வந்தால் இந்த விஷயத்தை மறந்துவிடுங்கள். இடைப்பட்டது என்றால் விரிசல்களை அடைத்து, தரைத்தளத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்து மீண்டும் அளக்கலாம். மாடி ஜன்னலை மட்டும் திறந்தால் கீழிருந்து உறிஞ்சுவது கூடவும் செய்யும். ஜன்னலை மூடியதும் சில மணி நேரத்தில் பழைய அளவு திரும்பிவிடும் என்பதால் இதைத் தற்காலிக ஏற்பாடாகவே எண்ணுங்கள். அடைப்பதும் தனியாக முழுப் பலன் தராது. ஓர் ஓட்டையை மூடினால் வாயு இன்னொன்றைத் தேடிக்கொள்ளும். காற்றைச் சுத்திகரிக்கும் கருவி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

300ஐத் தாண்டினால் தரைக்கு அடியிலேயே உறிஞ்சி எடுப்பதுதான் வழி. சிமென்ட் தரையில் துளையிட்டு, அடியில் சிறு குழி தோண்டி, அதில் பிவிசி குழாயை இறக்கி, துளையைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைத்து, குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய் விட வேண்டும். அதில் ஒரு சிறு விசிறி இரவும் பகலும் ஓடும். விசிறியைக் கூரைக்கு மேலோ வெளிச்சுவரிலோதான் பொருத்த வேண்டும். அறைக்குள் வைத்தால், விசிறிக்கு மேலே குழாய் எங்காவது கசிந்தாலும் ரேடானை நாமே வீட்டுக்குள் ஊதிவிட்டதாகும். சரியாகச் செய்தால் அளவு பாதிக்கும் கீழே போகும். பல வீடுகளில் பத்தில் ஒரு பங்காகவும் குறைந்திருக்கிறது. முடித்ததும் மறுபடி ஒரு அளவி வையுங்கள். அது இல்லாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ரேடான் கரைந்திருக்கும். குடிப்பதைவிட, குளிக்கும்போதும் துவைக்கும்போதும் நீரிலிருந்து பிரிந்து காற்றில் கலப்பதுதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் இது மண்ணிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் சிறு பங்கு. எனவே அறைக் காற்றில் அளவு அதிகம் என்று தெரிந்த பிறகு தண்ணீரைச் சோதித்தால் போதும். அதிலும் அதிகமாக இருந்தால், மேல்தொட்டியில் நீரைத் தூவலாக விழவிட்டு, தொட்டிக் காற்று வெளியே போக வழி வையுங்கள். கணிசமான பங்கு அங்கேயே பிரிந்துவிடும்.