தூர்தர்ஷன் காலத்து நகைச்சுவைக் கலைஞர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்?

ஜஸ்பால் பட்டி. ‘ஃப்ளாப் ஷோ’ என்ற ஹிந்தி நகைச்சுவைத் தொடரின் சர்தார்ஜி என்றால் அந்தக் காலத்து டெல்லித் தமிழர்களுக்கு உடனே முகம் ஞாபகம் வரும்.

1989. டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பு, அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. பாட்டிக்கு ‘கித்னா’ (எவ்வளவு), ‘நஹி’ (இல்லை) தாண்டி ஹிந்தி தெரியாது. ஆனாலும் ஃப்ளாப் ஷோ நேரத்தில் டிவி முன்னால் முதலில் உட்காருவது அவர்தான். அப்பா பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். “ஏண்டா, இவன் சிரிக்கவே மாட்டேங்கறானே?” என்று பாட்டி ஒருமுறை கேட்டார். அதுதான் பட்டி. அநியாயத்தைக்கூட ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கிற மாதிரி சாதாரண முகத்தோடு செய்வார்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, தப்பு செய்கிறவன் வேடத்தை அவரே போட்டுக்கொண்டதுதான். ஆராய்ச்சி மாணவனிடம் வீட்டு வேலை வாங்கும் பேராசிரியராக அவரே வருவார். டைட்டிலில் ‘இயக்கம்’ என்பதற்குப் பதிலாகத் ‘தவறான இயக்கம்’ என்று பொருள்படத் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். யாரைக் கிண்டல் செய்கிறாரோ, அவர்களுக்கே அந்தப் பகுதியைச் சமர்ப்பணமும் செய்வார்.

படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங், சண்டிகர் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில். அங்கே ‘நான்சென்ஸ் கிளப்’ என்று நண்பர்களோடு தெருநாடகம் போட்டார். பிறகு ‘ட்ரிப்யூன்’ பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட். ‘உல்டா புல்டா’ என்று தூர்தர்ஷனில் சில நிமிடத் துணுக்குகள் செய்தார். ஒரு கட்டத்துக்குள் விஷயத்தை முடிக்கும் கார்ட்டூன் பழக்கம் அதில் நன்றாகவே தெரியும். அப்புறம்தான் ஃப்ளாப் ஷோ. மொத்தமே 10 பகுதிகள்! மனைவி சவிதாவும் விவேக் ஷௌக்கும் உடன் நடித்தார்கள்.

பொய் மருத்துவ பில் பற்றிய பகுதி வந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாட்டியின் பிரஷர் மாத்திரைக்கு அப்பா மாதாமாதம் ஆபீசில் பில் கொடுத்துப் பணம் வாங்குவார். மருந்துக்கடைக்காரர் சோப்பு, ஹார்லிக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ‘டானிக்’ என்று எழுதித் தருவது வழக்கம். எல்லா வீட்டிலும் நடந்ததுதான். அன்று நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா அலமாரியிலிருந்து அந்த மாத பில்லை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கடைக்குப் போய், மாத்திரைக்கு மட்டும் வேறு பில் வாங்கி வந்தார். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு காமெடி நிகழ்ச்சி இப்படிச் செய்யும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பட்டி டிவியோடு நிற்கவில்லை. 2009-இல் விலைவாசி ஏறியபோது சண்டிகரில் திருவிழாக் கடை மாதிரி போட்டு, வளையம் எறிபவர்களுக்குக் காய்கறியும் பருப்பும் பரிசு என்று வைத்தார். இன்று மேடையில் அரசியலைக் கிண்டல் செய்யும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம், தனியார் சேனல்கள் வராத காலத்தில், அரசு டிவியிலேயே அரசு அலுவலகத்தைக் கிண்டல் செய்தவர் இவர் என்று நினைத்துக்கொள்வேன்.

2012 அக்டோபர் 25 அன்று ஜலந்தர் அருகே கார் விபத்தில் இறந்தார், 57 வயதில். மின்வெட்டைப் பற்றி அவர் எடுத்த ‘பவர் கட்’ படம் மறுநாள் வெளிவர இருந்தது. அடுத்த ஆண்டு பத்மபூஷண் கொடுத்தார்கள்.

ஃப்ளாப் ஷோ யூடியூபில் கிடைக்கிறது. ஹிந்தி அவ்வளவாக வராதவர்கள் அந்தப் பேராசிரியர் பகுதியில் தொடங்குங்கள், முகத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.