அமெரிக்காவில் 9ஆம் வகுப்புப் பையனை ஸ்பெஷல் எஜுகேஷன் ரீடிங் வகுப்பில் போட்டால் என்ன எதிர்பார்க்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், மகன் செப்டம்பரில் ஹைஸ்கூல் போகிறான், அவனுடைய கால அட்டவணையில் ரீடிங் சப்போர்ட் என்று தினமும் ஒரு பீரியட் போட்டிருக்கிறார்கள். அங்கே அவனிடம் என்ன எதிர்பார்ப்பார்கள், இதனால் அவன் எதிர்காலம் பாதிக்குமா? கடைசி வரியில் "மற்றபடி அவன் நார்மலான பையன்தான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும் நானும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

நான் ஆசிரியை இல்லை, வக்கீலும் இல்லை. என் மகன் ஒருவனை வைத்துத்தான் பேசுகிறேன். "ஒரு பள்ளியை வைத்து எல்லாப் பள்ளியையும் குறை சொல்லலாமா" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எல்லாப் பள்ளியையும் சொல்லவில்லை. அதே பள்ளியில் நல்ல ஆசிரியையும் கிடைத்தார், அதையும் சொல்கிறேன்.

ரீடிங் சப்போர்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வகுப்புகள் நடக்கின்றன. ஒன்றில் வாசிக்கக் கற்றுத் தருவார்கள், அதாவது ஒலி, அசை, சொல் என்று அடியிலிருந்து. இன்னொன்றில் மற்றப் பாடங்களின் வீட்டு வேலைக்கு உதவி செய்வார்கள், கேள்வியைப் படித்துக் காட்டுவார்கள், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் தருவார்கள். இரண்டாவது கெட்டது இல்லை, பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஆனால் வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு அதிலிருந்து வாசிப்பு வராது. உங்கள் மகனுக்குப் போட்டிருப்பது இதில் எது என்று முதலில் கேளுங்கள். கூடவே, இந்தப் பீரியட் வழக்கமான ஆங்கில வகுப்போடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா என்றும் கேளுங்கள். பதிலாக என்றால் அந்த வகுப்பின் பாடத்திட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் தலையாட்டாதீர்கள்.

நான் கேட்கவில்லை. 9ஆம் வகுப்பு முழுக்க என் மகனுக்கு அந்தப் பாடத்தில் ஏ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் முன்னேற்ற அறிக்கையில் "திருப்திகரமாக முன்னேறுகிறான்" என்று ஒரே வரி. அறையில் பதினோரு பிள்ளைகள், ஆளுக்கொரு லேப்டாப், காதில் ஹெட்போன். மார்ச் மாதம் ஒரு ராத்திரி அவனுடைய சரித்திரப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, போனில் ஒரு நிமிஷம் வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கான்ஸ்டிடியூஷன் என்ற சொல்லைக் கன்சிடரேஷன் என்று படித்தான். முதல் எழுத்துகளைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துக்கொண்டு போனான். ஃபார் வரும் இடத்தில் ஃப்ரம், ஃப்ரம் வரும் இடத்தில் ஃபார். சரியாகப் படித்த சொற்களை எண்ணினேன், 76. அப்புறம் 8ஆம் வகுப்பில் பள்ளி எடுத்த மறுமதிப்பீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் 74. ஒரு முழு வருஷம், தினமும் ஒரு பீரியட், இரண்டு சொல். அந்த ஏ எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. தவறாமல் வந்தான், சத்தம் போடவில்லை, கொடுத்ததை முடித்தான். அதற்குக் கொடுத்த ஏ அது.

சும்மா இருந்தது என் தப்பு. ஸ்பெஷல் எஜுகேஷனில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி தனியாக எழுதும் திட்டத்துக்கு ஐஇபி என்று பெயர். அதில், பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறான், ஒரு வருஷத்தில் எங்கே போக வேண்டும், அதை எப்படி அளப்பார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் தாளில் "வாசிப்புத் திறன் மேம்படும்" என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஏப்ரலில் கூட்டம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அவனுடைய திட்டத்தைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர், சைக்காலஜிஸ்ட், ஆசிரியை, நான், என் கணவர். "இந்த வயசுக்கு மேல் வாசிப்பு பெரிதாக மாறாது, ஆடியோ புத்தகம் பழக்கிவிடலாம்" என்றார் ஒருவர், அன்பாகத்தான். எனக்குக் கை நடுங்கியது. 2017 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொலராடோவைச் சேர்ந்த ஒரு மாணவன் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எண்ட்ரூ எஃப் வழக்கு என்பார்கள். பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்குத் தகுந்த முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதை முந்தின நாள் இரவு படித்து வைத்திருந்தேன், ஆனால் அங்கே சட்டம் பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் 74, 76 என்று எழுதி மேஜை நடுவில் வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு கூட்டம் ஆனது. பள்ளியின் மதிப்பீட்டில் நமக்கு உடன்பாடு இல்லையென்றால் வெளி நிபுணரை வைத்துப் பள்ளிச் செலவிலேயே மதிப்பீடு கேட்கலாம். எழுத்தில் கேட்டோம், கிடைத்தது. 10ஆம் வகுப்பிலிருந்து, ஒலியிலிருந்து படிப்படியாக வாசிக்கக் கற்றுத் தரும் வில்சன் முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியை, மூன்றே பிள்ளைகள், தினமும் 45 நிமிஷம். இலக்கும் எண்ணாக மாறியது: அடுத்த ஜூனுக்குள் 6ஆம் வகுப்பு நிலைப் பத்தியில் நிமிஷத்துக்கு 100 சொல்.

அங்கே அவனிடம் எதிர்பார்த்ததைச் சொல்கிறேன், நீங்கள் கேட்டதே அதுதானே. கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒரு சொல்லின் ஒலிகளைப் பிரிக்க வேண்டும். நீளமான சொல்லை அசை அசையாக உடைக்க வேண்டும். அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்க வேண்டும். அர்த்தமில்லாத சொல் எதற்கு என்று நானும் முதலில் கோபப்பட்டேன். பார்த்துப் பழகிய சொல்லை ஞாபகத்திலிருந்து சொல்லிவிடலாம், பார்த்திராத சொல்லை எழுத்துகளைப் படித்துத்தான் ஆக வேண்டும். என் மகன் பத்து வருஷமாக ஊகித்தே ஓட்டிக்கொண்டிருந்தவன். தப்பு வந்த இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி படி என்பதுதான் அவனிடம் கேட்ட பெரிய விஷயம். பதினைந்து வயசுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று நமக்குத் தெரியாது. முதல் வாரம் வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு "நான் என்ன ஒண்ணாம் கிளாஸா?" என்று கத்தினான். இந்தப் பீரியடுக்காக பேண்ட் வகுப்பையும் விட்டிருந்தான். டிரம்பெட் வாசிப்பான், நன்றாக வாசிப்பான். அந்த ஒரு வகுப்பில்தான் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை, அதை எடுத்துவிட்டோம். இப்போது செய்வதாக இருந்தால் வேறு எந்த எலெக்டிவை, அதாவது விருப்பப் பாடத்தை, வேண்டுமானாலும் விடச் சொல்வேன், அதைத் தொட மாட்டேன். உங்கள் மகனுக்கு அப்படி ஒன்று இருந்தால் அதைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

அந்த ஆசிரியை அவனிடம் சொன்னாராம்: "இதை உனக்கு ஏழு வயசில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கு நீ வெட்கப்படாதே." அதை அவன் என்னிடம் சொன்ன அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

ஏனென்றால் ஏழு வயசில் நான் கேட்டேன். இது உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது, தெரியும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2ஆம் வகுப்பில் அவன் படிக்கச் சிரமப்படுகிறான் என்று நானே போய்ச் சொன்னபோது, "வீட்டில் இரண்டு மொழி பேசுகிறீர்கள், அதனால் குழம்புகிறான், கொஞ்ச நாள் ஆங்கிலம் மட்டும் பேசிப் பாருங்கள்" என்றார்கள். இங்கே பிறந்து, நர்சரியிலிருந்து ஆங்கிலம் பேசும் பிள்ளை. நம்பினோம். தமிழை நிறுத்தினோம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியையும் நிறுத்தினோம். 5ஆம் வகுப்பில்தான் மதிப்பீடு நடந்தது, டிஸ்லெக்ஸியா என்றார்கள், அதாவது வாசிப்பில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு. அப்போது அந்த நிபுணரிடமே கேட்டேன். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்ஸியா வராது, தமிழை நிறுத்தியிருக்கவே வேண்டாம் என்றார். மூன்று வருஷம் போனது ஒரு பக்கம். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவிடம் அவனுக்கு "பாட்டி, சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சு வரவில்லை. "அவன் என்கிட்ட ஏண்டி பேச மாட்டேங்கிறான்" என்று அம்மா கேட்கும்போது எந்த ஐஇபியைக் காட்டுவது? தமிழை நிறுத்தச் சொல்லி உங்களிடம் யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஊரில் சொந்தக்காரர்கள் இதை அமெரிக்க வியாதி என்பார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் சென்னையில் 1991இல் தொடங்கியது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கற்றல் குறைபாடு இருக்கிறது. நம் ஊரிலும் இந்தப் பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள், சோம்பேறி என்று அடி வாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

ஆடியோ புத்தகத்தை நான் எதிர்க்கவில்லை, வாசிப்புப் பாடத்துக்குப் பதிலாக அதைக் கொடுப்பதைத்தான் எதிர்த்தேன். புக்‌ஷேர் என்ற இணைய நூலகம் இங்கே படிக்கும் இந்த மாதிரி மாணவர்களுக்கு இலவசம். சரித்திரமும் உயிரியலும் அவனுடைய வாசிப்பு வேகத்துக்காகக் காத்திருக்க முடியாது. கேட்டுக் கேட்டுச் சேரும் சொல்லும் அறிவும்தான் பின்னால் படிப்பதைப் புரிய வைக்கும். ஆடியோ புத்தகத்தால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று சொல்பவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். ஹைஸ்கூல் முடித்ததற்கான டிப்ளமாவுக்கு வேண்டிய கிரெடிட்டுகள் சரியாக வருகிறதா என்று வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போனால் ஐஇபி அவனோடு வராது. அங்கே அவனேதான் உதவி அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். அதனால் கூட்டங்களுக்கு இப்போதிருந்தே அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நியூ ஜெர்சியில் 14 வயசிலிருந்தே, ஹைஸ்கூலுக்குப் பிறகு என்ன என்பதற்கான திட்டமிடல் தொடங்கிவிடும். என் மகன் 10ஆம் வகுப்புக் கூட்டத்தில் முதல் முறையாக வாயைத் திறந்து, "எனக்குச் சுலபமான புத்தகம் வேண்டாம், அதே புத்தகத்துக்கு நேரம் கொடுங்கள்" என்றான்.

இப்போது 11ஆம் வகுப்பு. ஜனவரியில் எடுத்த அளவில் நிமிஷத்துக்கு 112. வகுப்பில் மற்றவர்களை இன்னும் எட்டவில்லை, ஸ்பெல்லிங் இன்னும் மோசம். போன கோடையில் டிரைவிங் பர்மிட்டுக்கான கையேட்டை மூன்று வாரம் தானே உட்கார்ந்து படித்தான். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 40 சரியாக இருக்க வேண்டும், 43 எடுத்தான்.

உங்கள் கூட்டத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லி எண்ணிக் கொண்டுபோங்கள். இலக்கு எண்ணில் இல்லையென்றால் எண் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை யார், எந்த முறை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அன்றைக்கே எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றிய திட்டம் அமலுக்கு வருமுன் இங்கே நமக்கு 15 நாள் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து, மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.