சூரிய கடிகாரம் தப்பாகக் காட்டவில்லை

நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்திய சூரிய கடிகாரம் பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்துகிறது, நிழல் விழச்செய்யும் முள்ளைச் சாய்த்ததில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து முள்ளைத் தொடாதீர்கள். சாய்வு பிசகியிருந்தால் பிழை காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி இருக்கும். உங்களுக்கோ நாள் முழுக்க ஒரே அளவு. நாட்டின் பொது நேரத்துக்கான தீர்க்கரேகையிலிருந்து உங்கள் ஊர் தள்ளியிருப்பதற்கு டிகிரிக்கு 4 நிமிடம் என்று ஏற்கெனவே கழித்துவிட்டீர்கள், அதுவும் சரி.

விஷயம் சூரியனிடம்தான். பூமியின் பாதை நீள்வட்டம், ஜனவரியில் சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாக ஓடுகிறது. அதோடு அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து சூரியன் உச்சிக்கு வரும் ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையான நேரத்தைச் சில நாள் 24 மணி நேரத்தைவிட 30 விநாடி வரை கூட்டும், சில நாள் 20 விநாடி போலக் குறைக்கும், அது நாள்கணக்கில் சேர்ந்துதான் உங்கள் 16 நிமிடம். நம் கைக்கடிகாரம் காட்டுவது வெறும் சராசரி. 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்த பிறகுதான் இந்த வித்தியாசம் அன்றாடத்தில் உறுத்தத் தொடங்கியது, அதற்கு முந்தைய கடிகாரங்களே நாளுக்குக் கால் மணி நேரம் பிசகும்!

ஏப்ரல் 15 வாக்கில் மறுபடி பாருங்கள், சூரிய கடிகாரமும் கைக்கடிகாரமும் ஒத்துப்போகும். அப்புறம் ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 பக்கமும்.